சிறாருக்கு மரண தண்டனை: தடை அரசமைப்பிலேயே இருக்கிறதா, சட்டப் பிரிவில் மட்டும்தானா?

#1 நீதிவாசல்

வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005 மார்ச் 1 அன்று ரோப்பர் எதிர் சிமன்ஸ் வழக்கில், குற்றம் செய்த நாளில் 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை விதிப்பது அரசமைப்புக்கே விரோதம் என்று சொல்லிவிட்டது. இந்தியாவிலும் சிறாருக்குத் தூக்கு கிடையாது. ஆனால் இங்கே அதைச் சொல்வது சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 21-ஆம் பிரிவு.

என் கேள்விகள் இரண்டு. நாடாளுமன்றம் நாளைக்கே அந்தப் பிரிவை நீக்கினால், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிமை தரும் அரசமைப்பின் உறுப்பு 21 அதைத் தடுக்குமா? இரண்டாவது, 2012 டில்லி கூட்டு வன்புணர்வுச் சம்பவத்துக்குப் பிறகு 16 வயதானவரைத் தூக்கிலிடச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்களே, அது சரியா?

#2 ஒப்புச்சட்டம்

அமெரிக்கப் பக்கத்தை நான் எழுதுகிறேன். இந்தியப் பக்கத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ரோப்பருக்கு முன்னால் மூன்று தீர்ப்புகளைப் படித்தாக வேண்டும். 1988, தாம்ப்ஸன் எதிர் ஒக்லஹோமா: 16 வயதுக்குக் கீழே மரண தண்டனை கூடாது. 1989, ஸ்டான்ஃபோர்ட் எதிர் கென்டக்கி: 16, 17 வயதுக்காரருக்கு விதிக்கலாம், 5-4. 2002, அட்கின்ஸ் எதிர் வர்ஜீனியா: அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு விதிக்கக் கூடாது. அட்கின்ஸ் வந்ததும், மிசூரியில் மரண தண்டனை பெற்றிருந்த சிமன்ஸ் தரப்பு அதே தர்க்கத்தைச் சிறாருக்கும் நீட்டியது. மிசூரி மாநில உச்ச நீதிமன்றம் 2003-இல் அதை ஏற்று, மரண தண்டனையை விடுதலையில்லா ஆயுள் தண்டனையாக மாற்றியது. மேலே ஸ்டான்ஃபோர்ட் தீர்ப்பு உயிரோடு இருக்கும்போதே ஒரு மாநில நீதிமன்றம் இப்படிச் செய்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா கோபப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று.

வழக்கின் சங்கதி மிகக் கொடூரம். 1993-இல், 17 வயதில், ஒரு பெண்ணை அவர் வீட்டிலிருந்து கடத்தி, கைகால்களைக் கட்டி, ரயில் பாலத்திலிருந்து மெராமெக் ஆற்றில் தள்ளிக் கொன்றார் சிமன்ஸ். முன்பே திட்டமிட்டது. மைனர் என்பதால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நண்பர்களிடம் பேசியதாகவும் சாட்சியம் இருந்தது. மனம் இரங்குவதற்கு எதுவுமே இல்லாத வழக்கில் வந்த தீர்ப்பு என்பதால்தான் அதற்கு இத்தனை கனம்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி இரண்டு தூண்களை நிறுத்தினார். முதலாவது, மாநிலங்களின் எண்ணிக்கை. மரண தண்டனையே இல்லாத மாநிலங்கள் 12, இருந்தும் சிறாரை விலக்கியவை 18, ஆக 30. மீதி 20 மாநிலங்களில் சட்டப்படி விதிக்கலாம். ஆனால் முந்தைய பத்து ஆண்டுகளில் நிறைவேற்றியவை ஒக்லஹோமா, டெக்சஸ், வர்ஜீனியா மூன்றுதான். இரண்டாவது, சிறாரின் இயல்பு. முதிர்ச்சியின்மை, பிறர் அழுத்தத்துக்கு எளிதில் ஆட்படுவது, குணம் இன்னும் உறையாதிருப்பது. இந்த மூன்றும் சேரும்போது, மிக மோசமான குற்றவாளிகளுக்கு என ஒதுக்கிய தண்டனையை இவர்களுக்கு நம்பகமாகப் பொருத்த முடியாது என்றார்.

எண்ணிக்கையைக் கவனித்துப் படியுங்கள். மரண தண்டனை உள்ள 38 மாநிலங்களில் 18 என்றால் 47 சதவீதம், பாதிகூட இல்லை, இதை எப்படி நாட்டின் பொதுக் கருத்து என்பது என்று ஸ்காலியா கேட்டார். மரண தண்டனையே வேண்டாம் என்ற 12 மாநிலங்களைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்பதில்தான் அந்தத் தூண் நிற்கிறது. இன்னொன்று: 1989-இல் ஸ்டான்ஃபோர்டில் மறுபக்கம் வாக்களித்த ஐவரில் கென்னடியும் ஒருவர். 2005-இலும் 5-4தான். அரசமைப்புத் தடை என்று நாம் பெரிதாகச் சொல்வது அங்கே ஒரு வாக்கில் வந்தது. தீர்ப்பு நாளில் 70 பேருக்கு மேல் அதனால் மரண தண்டனையிலிருந்து மீண்டார்கள்.

#3 அரசுத்தரப்பு

மாறுபட்ட தீர்ப்புகளில் ஸ்காலியாவை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியில்லை சார். நீதிபதி ஓ'கானர் தனியாக எழுதியதைத்தான் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் படிக்க வேண்டும். பொதுவாகச் சிறாருக்கு முதிர்ச்சி குறைவு என்பதை அவர் மறுக்கவில்லை. அவர் கேட்டது வேறு: 17 வயதான ஒருவனுக்கு முழு முதிர்ச்சி இருந்தது என்று சாட்சியம் காட்டினால், அதை ஜூரி எடைபோடக் கூடாதா? 18-ஆவது பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்னும் பின்னும் மனிதன் மாறிவிடுவதில்லையே. ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்யட்டும் என்பது அவர் நிலை. இந்த வாதத்துக்குப் பதில் இல்லாமல் ரோப்பரை ஆதரித்தால் பாதி வாதம்தான் ஆகும்.

#4 ஒப்புச்சட்டம்

பதில் தீர்ப்பிலேயே இருக்கிறது. குற்றத்தின் கொடூரம் ஜூரியின் கண்ணை மறைத்துவிடும் ஆபத்து இருக்கிறது என்கிறார் கென்னடி. சிமன்ஸ் வழக்கிலேயே அது நடந்தது. அவன் இளம் வயது அவனுக்குச் சாதகமாக எடைபோட வேண்டிய அம்சம். அரசு வழக்குரைஞரோ அதைத் திருப்பி, இந்த வயதிலேயே இப்படி என்றால் இது பயப்பட வேண்டிய விஷயம் இல்லையா என்ற தொனியில் ஜூரியிடம் வாதிட்டார். தணிக்கும் காரணத்தைக் கடுமையாக்கும் காரணமாக மாற்றுவது இவ்வளவு எளிது என்றால், ஆளுக்கு ஆள் எடைபோடும் முறையை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்க முடியாது. 18 என்ற கோடு செயற்கையானதுதான். ஓட்டுக்கும் கல்யாணத்துக்கும் போடும் கோடும் செயற்கையானதே.

#5 பிரிவு94

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: இல்லை. 2015 சட்டத்தில் 16 வயது நிரம்பியவரைப் பற்றி வந்த மாற்றம் விசாரணை முறையைப் பற்றியது. அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம்தான் கொடிய குற்றம். அதிகபட்சம் 7-க்கு மேல் இருந்து, குறைந்தபட்சம் சொல்லப்படாத குற்றம் அந்த வகையில் சேராது. ஷில்பா மித்தல் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது இதுதான். கொடிய குற்றமாக இருந்து, பையனுக்கு 16 நிரம்பியிருந்தால், இளைஞர் நீதிக் குழுமம் பிரிவு 15-இன்படி முதல்கட்ட மதிப்பீடு செய்யும். முதன்முதலாக ஆஜர்படுத்திய நாளிலிருந்து 3 மாதம் கெடு. உடல், மன வலிமை, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், குற்றம் நடந்த சூழல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் வெளியிலிருந்து நிபுணர் உதவி பெற்றே ஆக வேண்டும் என்று பருண் சந்திர தாக்கூர் வழக்கில் 2022-இல் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் பிரிவு 18(3)-இல் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றுவது.

அங்கே வயது வந்தவரைப் போல விசாரித்தாலும், பிரிவு 21 குறுக்கே நிற்கிறது. தூக்கும் கூடாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கூடாது. விடுதலைக்கு இடம் உள்ள ஆயுள் தண்டனை விதிக்கலாம். 21 வயது வரை பாதுகாப்பு இல்லத்தில்தான் வைக்க வேண்டும், சிறையில் அல்ல. அதன் பிறகு அவர் திருந்தியிருக்கிறாரா என்று நீதிமன்றம் மறுபடி பார்க்க வேண்டும். 16-க்குக் கீழே இருந்தால் குற்றம் எதுவானாலும் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு.

#6 மேல்முறையீடு

முதல் கேள்விக்கு வருகிறேன். 'பிரிவு 21', 'உறுப்பு 21' என்று எண் ஒன்றாக இருப்பதால் மனுக்களில்கூடக் குழப்பம் வருகிறது. முழுப் பெயரோடு எழுதிப் பழகுங்கள்.

சிறாருக்கு மரண தண்டனை விதிப்பது இந்திய அரசமைப்புக்கு விரோதம் என்று ரோப்பர் மாதிரி நேரடியாகச் சொன்ன தீர்ப்பு இங்கே வரவில்லை. வரவேண்டிய தேவையே எழவில்லை, ஏனென்றால் சட்டமே தடுத்துவிட்டது. சலில் பாலி (2013), சுப்பிரமணியன் சுவாமி எதிர் ராஜூ (2014) இரண்டையும் பலர் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். 18 என்ற எல்லையை நாடாளுமன்றம் வைத்தது செல்லும் என்பதுதான் அவற்றின் முடிவு. அந்த எல்லையை அரசமைப்பு கட்டாயப்படுத்துகிறது என்று அவை சொல்லவில்லை.

நாளைக்குப் பிரிவை நீக்கினால் வாதிட என்னென்ன இருக்கிறது? பச்சன் சிங் (1980) தீர்ப்பில், குற்றவாளியின் இளம் வயது தண்டனையைத் தணிக்கும் அம்சம். மிட்டு எதிர் பஞ்சாப் (1983) வழக்கில், வேறு வழியே தராத கட்டாய மரண தண்டனைப் பிரிவு உறுப்பு 14, 21-க்கு முரண் என்று அடிபட்டது. குழந்தைகளுக்காகத் தனி ஏற்பாடு செய்ய உறுப்பு 15(3), இளமையைக் காக்க உறுப்பு 39(எஃப்). சிறாருக்கு மரண தண்டனையைத் தடுக்கும் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 6(5), குழந்தை உரிமை உடன்படிக்கையின் 37(ஏ) இரண்டையும் இந்தியா ஏற்றிருக்கிறது, இரண்டாவதை 1992-இல். இவற்றை வைத்து உறுப்பு 21-க்குள் தடையைப் படிக்க வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது வெல்ல வேண்டிய வாதம், இன்னும் கையில் உள்ள தீர்ப்பு அல்ல. ஒன்று மட்டும் கல்லில் செதுக்கியது: உறுப்பு 20(1). குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தைவிடக் கடுமையான தண்டனை விதிக்க முடியாது. ஆகவே இன்றைய சிறாரை நாளைய திருத்தம் தொட முடியாது.

இனி, என்னைத் தூங்கவிடாத பகுதி. இந்த விவாதத்தில் எல்லோரும் தடை எங்கே எழுதியிருக்கிறது என்றே பேசுகிறோம். எழுதியிருந்தும் அது எட்டாத இரண்டு பேரைப் பாருங்கள்.

நாராயண் சேத்தன்ராம் சவுத்ரி: 1994 ஆகஸ்ட் 26, புணேயில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கு. மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2000-இல் உறுதிசெய்தது. ராஜஸ்தான் பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1. கணக்குப் போடுங்கள், குற்ற நாளில் 12 வயதும் ஆறு மாதமும். 2023 மார்ச் 27 அன்று விடுவிக்கப்பட்டபோது 28 ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தாகிவிட்டது.

ஓம் பிரகாஷ் எதிர் உத்தராகண்ட்: 1994, டேராடூன். தான் மைனர் என்று விசாரணை நீதிமன்றத்திலேயே சொன்னார். வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார், ஆகவே மேஜர் என்று முடிவு செய்து மரண தண்டனை. பள்ளிச் சான்றின்படி அவருக்கு அப்போது 14. அந்தச் சான்று பிறகு மேலே போயும் எடுபடவில்லை. 2012-இல் குடியரசுத் தலைவர் தண்டனையைக் குறைத்தார், 60 வயது வரை விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2025 ஜனவரி 8 அன்றுதான், நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் அடங்கிய அமர்வு, ஒவ்வொரு கட்டத்திலும் நீதிமன்றங்களே அநீதி இழைத்தன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு விடுவித்தது.

இரண்டு குற்றங்களும் 1994. அன்று நடைமுறையில் இருந்தது 1986 சிறார் நீதிச் சட்டம். அதில் ஆண்களுக்கு எல்லை 16. அந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் சிறாருக்கு மரண தண்டனை கூடாது என்றே சொன்னது. 12 வயதும் 14 வயதும் அந்தப் பழைய எல்லைக்கும் கீழேதான். பிந்தைய சட்டங்களின் தயவே தேவைப்படாத வழக்குகள்.

#7 நீதிவாசல்

வங்கிக் கணக்கை வைத்தா வயதை முடிவு செய்தார்கள்?! சிறார் என்ற கோரிக்கையை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எழுப்பலாம் என்றுதானே படித்தோம்.

#8 பிரிவு94

எழுப்பலாம். 2015 சட்டத்தின் 9(2): எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு இறுதியாக முடிந்த பிறகும். வயதைக் குற்ற நாளை வைத்தே கணக்கிட வேண்டும். 2000-இல் அர்னித் தாஸ் வழக்கில், நீதிமன்றத்தில் ஆஜர்படுத்திய நாள் என்று சொல்லிக் குழப்பினார்கள். பிரதாப் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் 2005 பிப்ரவரி 2 அன்று அதை மாற்றினார்கள். ரோப்பருக்கு ஒரு மாதம்கூட முந்தாத தேதி. ஹரி ராம் (2009) தீர்ப்பு, 2000 சட்டம் அமலுக்கு வந்த 2001-க்கு முந்தைய குற்றங்களுக்கும் 18 என்ற எல்லை பொருந்தும் என்றது.

சான்றுகளுக்குப் பிரிவு 94-இல் வரிசை உண்டு, வரிசையை மீறக் கூடாது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புச் சோதனை, அதுவும் உத்தரவிட்ட 15 நாளுக்குள்.

மனுவோடு இவற்றில் ஒன்றை இணைத்துவிட்டால், முதல் பார்வைக்கு அது போதும், விசாரணைக்கு உத்தரவிட வேண்டும் என்று அபுசர் ஹுசைன் (2012) வழக்கில் சொன்னார்கள். வாக்காளர் பட்டியலோ தாயின் பிரமாணப் பத்திரமோ மட்டும் பெரும்பாலும் போதாது.

#9 அரசுத்தரப்பு

மேலே சொன்ன இரண்டு பேருக்கும் நடந்தது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசுத் தரப்பு ஏன் ஒவ்வொரு சான்றையும் எதிர்க்கிறது என்பதும் தெரிய வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு திடீரென முளைக்கும் பள்ளிச் சான்றுகள் உண்டு. பதிவேட்டில் ஒரு வரியில் மட்டும் வேறு மை, வரிசை எண் இடறுவது, அந்தப் பள்ளி தொடங்கிய ஆண்டுக்கு முந்தைய சேர்க்கை. இவற்றைப் பார்க்காமல் விட முடியாது. பள்ளிப் பதிவில் உள்ள தேதியை யார் சொல்லி எழுதினார்கள் என்பது முக்கியம் என்று பிராத் மல் சிங்வி (1988) வழக்கே சொல்கிறது. ஏற்கெனவே எழுப்பி முடிவான கோரிக்கையை மறுபடி மறுபடி எழுப்புவதும் நடக்கிறது. டில்லி வழக்கின் குற்றவாளி ஒருவர் கடைசி நேரத்தில் கொண்டுவந்த சிறார் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் அதனால்தான் தள்ளியது.

#10 தடயமருத்துவம்

எலும்புச் சோதனை பற்றி ஒரு தெளிவு. வழக்குரைஞர்கள் இதில் அதிக நம்பிக்கை வைக்கிறார்கள், அல்லது அதிகமாகப் பயப்படுகிறார்கள்.

வளரும் எலும்பின் முனைத் துண்டு, தண்டோடு எந்த வயதில் ஒட்டுகிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. முழங்கை முதலில் ஒட்டும், சுமார் 15, 16-இல். மணிக்கட்டு சுமார் 18, 19. இடுப்பெலும்பின் மேல் விளிம்பு சுமார் 20. காரையெலும்பு மார்பெலும்போடு சேரும் முனை 22-க்குப் பிறகு. ஒரே ஓர் இடத்தை மட்டும் எக்ஸ்ரே எடுத்து வயது எழுதித் தந்தால் அந்த அறிக்கையை எதிர்க்கலாம். சத்துக்குறைவு, நோய், பரம்பரை எல்லாமே ஒட்டும் காலத்தை முன்னும் பின்னும் தள்ளும். அதனால்தான் ஜெயா மாலா (1982) வழக்கில் இருபுறமும் 2 ஆண்டு வித்தியாசம் வரலாம் என்று உச்ச நீதிமன்றமே குறித்துக்கொண்டது. 2007 சிறார் நீதி விதிகளில் ஓராண்டு குறைத்துச் சலுகை தரும் வரி இருந்தது. பிரிவு 94-இல் அப்படி ஒரு வரி இல்லை.

முக்கியமானது இது: 25 வயதைத் தாண்டினால் பார்க்க வேண்டிய இடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒட்டி முடிந்திருக்கும். 45 வயதுக் கைதியை இன்று எக்ஸ்ரே எடுத்து, 1998-இல் அவருக்கு 17-ஆ 19-ஆ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. முகர்ரப் (2016) வழக்கிலும் இதையேதான் சொன்னார்கள். பழைய வழக்கில் பள்ளிக் காகிதம் இல்லையென்றால் மருத்துவம் கைகொடுக்காது. கைதான வாரத்திலேயே சோதனை கேட்டிருந்தால் கொடுத்திருக்கும்.

#11 நீதிவாசல்

மிக்க நன்றி டாக்டர். கடைசியாக ஒன்று. கைதியின் குடும்பத்திடம் டிசி (மாற்றுச் சான்றிதழ்) மட்டும் இருக்கிறது, அதிலும் பெயர் வழக்கில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்றால் எங்கே தொடங்குவது?

#12 மேல்முறையீடு

டிசியை மட்டும் நம்பி மனுப் போடாதீர்கள். பி. யுவபிரகாஷ் வழக்கில், அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, பிரிவு 94 கேட்பது மாற்றுச் சான்றிதழை அல்ல என்று 2023 ஜூலையில் சொல்லிவிட்டார்கள். அங்கே பேச்சு பாதிக்கப்பட்ட பெண்ணின் வயதைப் பற்றியது, பிரிவு ஒன்றுதான்.

டிசியில் முந்தைய பள்ளியின் பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு முதன்முதலில் சேர்ந்த தொடக்கப் பள்ளிவரை போங்கள். தலைமையாசிரியரிடம் பிறந்த தேதிச் சான்றை அவர் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்குங்கள். கூடவே சேர்க்கைப் பதிவேட்டில் அந்த ஒரு வரி மட்டும் அல்லாமல், முழுப் பக்கமும், அதற்கு முந்தைய பக்கமும் அடுத்த பக்கமும் நகல் வாங்குங்கள். மேலே நண்பர் சொன்ன மை, வரிசை எண் சந்தேகங்களுக்கு அந்த மூன்று பக்கங்களே பதில். பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கும், அங்கே கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பிரிவு 7(1)-இன்படி உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்த வரியையும் தூக்குத் தண்டனைக் கைதி என்பதையும் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் 30 நாள் கணக்கில் போட்டுவிடுவார்கள்.

பெயர் வேறுபாடு முடிவான தடை இல்லை. சவுத்ரி வழக்கிலும் பள்ளியில் நிரானாராம், வழக்கில் நாராயண். இரண்டும் ஒரே ஆள் என்று தந்தை பெயர், ஊர், உடன்பிறந்தவர்களின் பதிவுகள் வழியாகக் கட்ட வேண்டும். தம்பி, தங்கை அதே பள்ளியில் படித்திருந்தால் அவர்கள் வரிகளையும் எடுங்கள். தம்பியின் தேதி அண்ணனின் தேதிக்கு முந்தியிருந்தால் அதை நீங்களே முதலில் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

பிறகு கைது மெமோ, ரிமாண்ட் உத்தரவு, சிறையில் சேர்த்தபோது எழுதிய வயது, வாக்குமூலத்தில் சொன்ன வயது, நான்கையும் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதி மனுவோடு இணையுங்கள். கோரிக்கையில் குற்றத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க வேண்டாம். ஓம் பிரகாஷ் வழக்கில்கூடக் குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. சட்ட எல்லைக்கு மிஞ்சிய தண்டனைதான் போனது. வயது விசாரணை, தண்டனை ரத்து, உடனடி விடுதலை, மறுவாழ்வுக்குச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு உத்தரவு, இந்த நான்கையும் கேளுங்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர் கையில் ஆதார் அட்டைகூட இருக்காது. அதற்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.